தொட்டிலருகே தோன்றிய அச்சம்

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் முதலிற் பாடுவது காப்புப் பருவம். செங்கீரைக்கும் தாலுக்கும் அம்புலிக்கும் முன்னதாக, குழந்தையை எத்தீங்கும் அணுகாதிருக்கட்டும் என்னும் வேண்டுதல் அங்கே நிற்கிறது. கன்னத்தில் மையிட்டு மகவை வெளியே எடுத்துச் செல்லும் தாயும், திருமுழுக்குத் தொட்டியண்டை நின்று அலகையை விட்டுவிடுவதாக வாக்களிக்கும் ஞானப்பெற்றோரும் அவ்வேண்டுதலையே தத்தம் வழியில் செய்கின்றனர். குழந்தைக்காக அஞ்சுவது மனித குலத்தின் மிகப் பழைய அச்சங்களுள் ஒன்று.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக மேலைநாட்டுத் திரைப்படங்களில் ஒரு வரிசை இந்த அச்சத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கிறது. அங்கே தொட்டிலைச் சூழ்ந்து வரும் தீங்கு ஏதுமில்லை. தொட்டிலில் கிடப்பதே தீங்கு. அழகிய முகம், வாரிவிட்ட தலை, பணிவான பேச்சு. அதன் பின்னே கொலை. தாயும் தந்தையும் தாம் பெற்ற பிள்ளையைக் கண்டு நடுங்குகின்றனர். இப்படங்களை நம் இளையோர் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் காண்கின்றனர். இவற்றுட் பலவற்றில் சிலுவையும் தீர்த்தமும் குருவானவரும் கதையின் நடுவே நிற்கின்றனர். ஆகவே இவ்வரலாற்றை அறிய முயல்வது நமக்கு வீண்வேலை ஆகாது. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? அது யாரைக் குற்றவாளியாக நிறுத்துகிறது? யாரைத் தப்பவிடுகிறது? இக்கேள்விகளோடு சில படங்களை நாம் சற்று நிதானமாக நோக்குவோம்.

நாயின் தோப்பு

திரைப்படம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த அச்சம் ஐரோப்பியச் சிற்றூர்களில் உலவியது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பூர்போன் ஸ்தேவான் என்னும் தொமினிக் சபைத் துறவி, பிரான்சின் லியோன் நகரை அடுத்த பகுதியில் தாம் கண்ட ஒரு வழக்கத்தை எழுதி வைத்துள்ளார். அங்கே கினஃபோர் என்னும் பெயரால் மக்கள் வணங்கியது ஒரு வேட்டை நாயை. அந்நாய் தன் தலைவனின் குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்தது. வாயில் வழிந்த குருதியைக் கண்டு, குழந்தையை அதுவே கொன்றதென்று மயங்கிய தலைவன் அதை வெட்டி வீழ்த்தினான். சிலப்பதிகாரத்திலும் பஞ்சதந்திரத்திலும் நாம் அறிந்த கீரிப்பிள்ளைக் கதைதான் இது. கீரியின் இடத்தில் நாய் நிற்கிறது, அவ்வளவே.

அந்நாயைப் புதைத்த தோப்புக்குத் தாய்மார் தம் நோயுற்ற மதலைகளை எடுத்து வந்தனர். தம் நல்ல பிள்ளையைக் காட்டுத் தேவதைகள் கவர்ந்துகொண்டு, அதன் இடத்தில் நோஞ்சான் பிள்ளை ஒன்றை மாற்றி வைத்துவிட்டன என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகவே பிள்ளையை ஆடையின்றி மரத்தடியில் கிடத்தி, அருகில் மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு, அழுகுரல் கேளாத தொலைவுக்கு விலகிச் செல்வர். ‘உங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு எங்கள் பிள்ளையைத் தாருங்கள்’ என்பதே வேண்டுதலின் பொருள். மெழுகுதிரி சாய்ந்து எரிந்துபோன பிள்ளைகளும் உண்டு. உயிரோடு எஞ்சிய பிள்ளையை ஓடும் ஆற்றுநீரில் ஒன்பது முறை முழுக்குவர். துறவி இதைக் கேட்டு அதிர்ந்தார். நாயின் எலும்புகளைத் தோண்டி எடுக்கச் செய்து, தோப்பு மரங்களோடு சேர்த்து எரிப்பித்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் முதலில் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பெற்றோர் உணர்கின்றனர், காரணம் தெரியவில்லை, தாங்கவும் இயலவில்லை. அப்போது ‘இது எம் பிள்ளை அன்று’ என்னும் எண்ணம் ஆறுதல்போல் வந்து நிற்கிறது. பின்னாளில் திரையில் நாம் காணப்போகும் கதைகள் பலவற்றின் வேர் இவ்வெண்ணமே.

திருச்சபையின் சிந்தனை இதற்கு வேறானது. புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் முதற் பகுதியில், பேச்சு வராத ஒரு மதலை தன்னோடு பாலுண்ணும் மற்றொரு மதலையைப் பொறாமையால் வெளிறிய முகத்தோடு நோக்கியதைக் குறிப்பிடுகிறார். குழந்தையை வானதூதராக்கிக் காட்டும் மிகையுணர்ச்சி அவரிடம் இல்லை. ஆனால் அவர் அதைத் தம் சொந்தக் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது கூறுகிறார் என்பது நோக்கத்தக்கது. ‘நானும் இவ்வாறே இருந்திருப்பேன்’ என்பதே அவர் முடிபு. பிறப்புநிலைப் பாவம் என்று திருச்சபை கற்பிப்பது எல்லார்க்கும் பொதுவான காயம். அக்காயத்தை ஒரே ஒரு பிள்ளையின் மேல் சுமத்தி, வீட்டில் உள்ள ஏனையோரைத் தூயவராக்கும் வேலையைத் திரைப்படம் செய்தது.

தீய விதை

1954-ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் மார்ச் ‘தி பேட் சீட்’ (தீய விதை) என்னும் புதினத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் காலமானார். அவ்வாண்டின் இறுதிக்குள் மாக்ஸ்வெல் ஆண்டர்சன் அதை நாடகமாக்கினார். 1956-இல் மெர்வின் லெராய் இயக்கத்தில் அது திரைக்கு வந்தது. ரோடா என்னும் எட்டு வயதுச் சிறுமி. இரட்டைப் பின்னல், கலையாத சட்டை, பெரியோர் மெச்சும் மரியாதை. பள்ளியில் அழகிய கையெழுத்துக்கான பதக்கம் தனக்குக் கிடைக்காமல் உடன் பயிலும் ஒரு சிறுவனுக்குப் போய்விட்டது என்பதற்காக அவள் அவனை நீரில் மூழ்கடித்துக் கொல்கிறாள். மெல்ல மெல்ல உண்மையை அறியும் தாய் கிறிஸ்டின், தான் ஒரு கொலைகாரியின் வயிற்றில் பிறந்து பிறரால் வளர்க்கப்பட்டவள் என்பதையும் அறிகிறாள். தீமை தன்னைத் தாண்டித் தன் மகளிடம் இறங்கிவிட்டது என்று நம்பிக் குமுறுகிறாள். தாயாக நடித்த நான்சி கெல்லியும் மகளாக நடித்த பேட்டி மெக்கார்மக்கும் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர்.

போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அமெரிக்க இல்லங்களில் பிள்ளைகள் பெருகினர், வசதிகளும் பெருகின. கூடவே இளங்குற்றவாளிகளைப் பற்றிய கவலையும் பெருகியது. புதினம் வெளியான அதே 1954-இல் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று, படக்கதை இதழ்கள் சிறுவரைக் கெடுக்கின்றனவா என்று பொது விசாரணை நடத்தியது. ‘எல்லாம் கொடுத்து வளர்த்தோமே, பின் ஏன் இப்படி?’ என்று கேட்ட ஒரு தலைமுறைக்கு, ‘விதையிலேயே தீமை இருந்தது’ என்னும் விடை எளிதாக இருந்தது. அவ்விடையில் பெற்றோர்மீது பழி இல்லை. ஊர்மீதும் பழி இல்லை.

புதினத்தின் முடிவில் தாய் மகளுக்கு மிகுதியான தூக்க மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். தாய் மாள்கிறாள், மகளோ பிழைத்து, யாரும் ஐயுறாத நல்ல பிள்ளையாகவே நிற்கிறாள். திரையில் இம்முடிவுக்கு இடமில்லை. குற்றம் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்பது அந்நாளைய ஹாலிவுட் ஒழுக்க விதித்தொகுப்பின் கட்டளை. 1930-இல் அத்தொகுப்பை வரைவதில் இயேசு சபைக் குரு டேனியல் லார்டும், கத்தோலிக்கப் பொதுநிலையினரான மார்ட்டின் குவிக்லியும் முதன்மையான பங்காற்றினர் என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே படத்தில் தாய் பிழைக்கிறாள். மழை கொட்டும் இரவில் அப்பதக்கத்தைத் தேடிச் செல்லும் ரோடா இடி விழுந்து மாள்கிறாள். அதன்பின் நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து அறிமுகமாகின்றனர். தாயாக நடித்தவர் சிறுமியை மடியில் போட்டு விளையாட்டாக அடிக்க, படம் முடிகிறது.

அவ்விறுதிக் காட்சியைக் காணும்போது இரக்கமே நமக்கு எழுகிறது. ஓர் எட்டு வயதுச் சிறுமியை வானத்து நெருப்பால் கொன்றுவிட்டு, அது வெறும் விளையாட்டே என்று சிரித்துக் காட்டவேண்டிய நிலை படமெடுத்தவர்களுக்கு வந்தது. ஒழுக்க விதி காப்பாற்றப்பட்டது. ஆயினும் அச்சிறுமிக்கு மனமாற்றம் இயலுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விதை தீயதென்று முடிவு கட்டிய பின் அக்கேள்விக்கு ஏது இடம்?

குயில் இட்ட முட்டை

அடுத்து வந்த இரு படங்கள் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டவை. ஜான் விண்டம் 1957-இல் எழுதிய ‘மிட்விச் குயில்கள்’ என்னும் புதினம், 1960-இல் வுல்ஃப் ரில்லாவின் இயக்கத்தில் ‘வில்லேஜ் ஆஃப் தி டேம்ட்’ (சபிக்கப்பட்டோர் சிற்றூர்) என்னும் படமாயிற்று. ஓர் ஊர் முழுவதும் ஒருநாள் சில மணிநேரம் மயங்கிக் கிடக்கிறது. விழித்தபின், கருவுறும் வயதில் உள்ள பெண்கள் அனைவரும் கருவுற்றிருப்பது தெரிகிறது. பிறந்த பிள்ளைகள் வெளிர்ந்த தலைமுடியும் ஒளிரும் கண்களும் உடையவர்கள். பிறர் மனத்தைப் படிப்பவர்கள். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் என்பது நம் சிறுவரும் அறிந்தது. அப்பறவையின் பெயரே புதினத்தின் தலைப்பு. அமெரிக்காவில் எடுப்பதாகத் தொடங்கிய இப்படம், ஆணின்றிக் கருவுறும் கதை கன்னிமையில் பிறந்த ஆண்டவரைப் பற்றிய நம்பிக்கையைப் புண்படுத்தும் என்ற தயக்கத்தால் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டது. முடிவில், அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வளர்ப்புத் தந்தை தம் பெட்டியில் வெடிகுண்டை மறைத்து எடுத்துச் சென்று, அவர்களோடு தாமும் மாள்கிறார். எண்ணத்தைப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து அதை மறைக்க அவர் தம் மனத்தில் ஒரு செங்கற்சுவரை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தந்தைக்கும் பிள்ளைக்கும் நடுவே எழும் சுவருக்கு இதைவிடக் கடுமையான உருவகத்தை நாம் கண்டதில்லை.

அதே சிறுவன் மார்ட்டின் ஸ்டீபன்ஸ் மறு ஆண்டில் ‘தி இன்னசன்ட்ஸ்’ (மாசற்றவர்கள்) என்னும் படத்தில் நடித்தான். ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய குறும்புதினத்தை ஜாக் கிளேட்டன் படமாக்கினார். அக்கதையின் கருவைத் தமக்குச் சொன்னவர் கேன்டர்பரி பேராயர் பென்சன் என்று ஜேம்ஸ் தம் குறிப்பேட்டில் 1895-இல் எழுதியுள்ளார். பெற்றோரை இழந்த இரு பிள்ளைகள்; அவர்களைக் கவனிக்க நேரமில்லாத சிற்றப்பர்; புதிதாக வரும் ஆசிரியப் பெண். இறந்துபோன இரு பணியாளர்களின் ஆவிகள் பிள்ளைகளைப் பற்றியுள்ளன என்று அப்பெண் உறுதியாக நம்புகிறாள். ஆவிகள் மெய்யாக உள்ளனவா, அவள் மனத்தின் தோற்றமா என்பதைப் படம் இறுதிவரை சொல்வதில்லை. சிறுவனை விடுவிக்க எண்ணி ‘பெயரைச் சொல், பெயரைச் சொல்’ என்று அவள் நெருக்க, அச்சிறுவன் அவள் கண்முன்னே உயிரிழக்கிறான். அவன் தீயவனா என்னும் கேள்வியோடு படத்தைக் காணத் தொடங்கிய நாம், அவனை யார் கொன்றது என்னும் கேள்வியோடு எழுகிறோம். நாம் இங்கே பேசும் படங்களுள் பெரியோரின் உறுதியையே ஐயத்துக்கு உள்ளாக்கிய முதற் படம் இதுவே.

1968: தாயின் வயிறு

‘ரோஸ்மேரிஸ் பேபி’ (ரோஸ்மேரியின் குழந்தை) 1968 ஜூனில் வெளியாயிற்று. முந்தைய ஆண்டு ஐரா லெவின் எழுதிய புதினம். இயக்கம் ரோமன் போலான்ஸ்கி. கத்தோலிக்கராக வளர்ந்து, பின் நம்பிக்கையை விட்டு விலகிய ரோஸ்மேரி நியூயார்க்கில் கணவனோடு குடியேறுகிறாள். நடிப்புத் தொழிலில் முன்னேறத் துடிக்கும் கணவன், அண்டை வீட்டாராக உள்ள சாத்தான் வழிபாட்டாரோடு உடன்படிக்கை செய்து, அவள் அறியாமலே அவள் வயிற்றை அவர்களுக்கு விற்றுவிடுகிறான். அவள் மயக்கத்தில் கருவுறும் இரவில், தொலைக்காட்சியில் திருத்தந்தை ஆறாம் பவுலின் நியூயார்க் வருகை ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. 1965 அக்டோபர் 4 அன்று உண்மையிலேயே நிகழ்ந்த வருகை அது. மருத்துவர் இல்லத்தில் அவள் புரட்டும் ‘டைம்’ இதழ், கடவுள் இறந்துவிட்டாரா என்று அட்டையில் கேட்ட 1966 ஏப்ரல் இதழ்.

அமெரிக்கத் திருச்சபையின் திரைப்பட அலுவலகம் இப்படத்துக்குக் கண்டனத் தரம் வழங்கியது. மீட்பரின் பிறப்பை எள்ளிக் காட்டும் கதையமைப்பைக் கண்டு அவர்கள் வருந்தியதில் வியப்பில்லை. ஆயினும் காலம் கடந்து நோக்கும்போது, இப்படத்தில் நாம் கற்க வேண்டியதும் உண்டு. இதில் குழந்தை எத்தீங்கும் செய்யவில்லை. அதன் முகத்தைக்கூடப் படம் நமக்குக் காட்டுவதில்லை. தீங்கு செய்தவர்கள் கணவன், அண்டை வீட்டார், புகழ்பெற்ற மருத்துவர். ‘வலிக்கிறது’ என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஆண்களும் முதியோரும் அவள் வாயை அடைக்கின்றனர். தாங்கள் கலக்கிக் கொடுத்ததைக் குடிக்கச் சொல்கின்றனர். தாலிடமைடு என்னும் மருந்தை நம்பி உட்கொண்ட தாய்மாருக்கு உலகெங்கும் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் உறுப்புக் குறையோடு பிறந்து, 1961-இன் இறுதியில் அம்மருந்து ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்ட நினைவு அந்நாளைய தாய்மாரின் நெஞ்சில் ஆறாதிருந்தது. இப்படம் வெளியான ஆறு வாரங்களில், ஜூலை 25 நாளிட்ட ‘மனித உயிர்’ என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை பவுல் கருவின் புனிதம் பற்றிப் பேசினார். தாய்வயிறு யாருடையது என்னும் வழக்கு அவ்வாண்டில் திரையரங்கிலும் ஆலயத்திலும் ஒருங்கே நடந்தது எனலாம்.

ஜார்ஜ்டவுன் இல்லம்

1949-இல் வாஷிங்டன் நாளிதழ் ஒன்றில், மேரிலாந்து மாநிலத்துச் சிறுவன் ஒருவனுக்குப் பேயோட்டப்பட்ட செய்தி வெளியாயிற்று. இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அப்போது பயின்றுகொண்டிருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி அதைப் படித்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மனத்தில் கிடந்த செய்தி 1971-இல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (பேயோட்டுபவர்) என்னும் புதினமாக வெளிவந்தது. வில்லியம் ஃப்ரிட்கின் இயக்கிய படம் 1973 டிசம்பர் 26 அன்று திரைக்கு வந்தது. பத்து ஆஸ்கார் பரிந்துரைகளும் இரு விருதுகளும் பெற்றது. இதற்கு ஓராண்டு முன், 1972 நவம்பர் 15 அன்று, அலகை வெறும் உருவகம் அன்று என்று திருத்தந்தை பவுல் தம் பொது மறையுரையில் கற்பித்திருந்தார்.

இப்படத்தின் அருவருப்பான காட்சிகளை நாம் எவர்க்கும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அதன் கதையைக் கூர்ந்து நோக்குவோர், இதுவரை கண்ட படங்களிலிருந்து இது ஒன்றில் அடிப்படையாக வேறுபடுவதைக் காண்பர். பன்னிரண்டு வயது ரீகன் தீயவள் அல்லள், அவள் துன்புறுபவள். அவள் தாய் இறைநம்பிக்கை இல்லாத நடிகை. மணமுறிவு பெற்ற தந்தை மகளின் பிறந்தநாளில்கூடப் பேசாதவர். ஆயினும் அத்தாய் ஒரு கணமும் மகளைக் கைவிடுவதில்லை. மூளையைப் படமெடுக்கும் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அலைந்து, எல்லாரும் கைவிரித்த பின்னரே குருவை நாடுகிறாள். தமியான் கராஸ் என்னும் அக்குருவும் மனநல மருத்துவரே. அவர் உடனே நம்பிவிடுவதில்லை. ஆயரின் இசைவைப் பெற்ற பின்னரே சடங்கு தொடங்குகிறது. தனிமையில் இறந்த தம் தாயை எண்ணிக் குற்றவுணர்வில் நொறுங்கியிருந்த அவர், இறுதியில் அத்தீமையைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு சிறுமியைக் காத்து உயிர்விடுகிறார். பேய் பற்றுவதன் நோக்கம் சிறுமியை அழிப்பதன்று, அவளைப் பார்த்து நிற்கும் நம்மை நம்பிக்கை இழக்கச் செய்வதே என்பது முதிய குரு மெரின் கூறும் கருத்து. பிள்ளையின் அலங்கோலத்தைக் கண்டு, ‘இதை எவரும் நேசிக்க இயலாது’ என்று நாம் முடிவு செய்துவிட வேண்டும்; அலகைக்கு அது போதும். இருபடி முன்னேறிச் செல்லும் கருத்து இது.

இரு தமியான்கள்

மூன்றாண்டுகள் சென்றபின், 1976-இல், ரிச்சர்டு டானர் இயக்கிய ‘தி ஓமன்’ (தீக்குறி) வந்தது. உரோமை மருத்துவமனையில் பிறந்த தம் பிள்ளை இறந்துவிட்டதென்று அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவரிடம் சொல்லப்படுகிறது. மனைவி தாங்கமாட்டாள் என்று எண்ணி, தாயற்ற வேறொரு மகவை அவளுடையதாகவே காட்டி வளர்க்க அவர் இசைகிறார். ஐந்து வயதில் அப்பிள்ளை எதிர்க்கிறிஸ்து என்பது தெரியவருகிறது. 666 என்னும் எண் திருவெளிப்பாடு நூலின் 13ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தாளப்படுகிறது. ஆனால் படத்தில் ஓதப்படும் தீர்க்கதரிசனப் பாடல் திருவிவிலியத்தில் எங்குமே இல்லாதது. திரையிற் கேட்டதைத் திருநூல் வாக்கென்று எண்ணிக் கலங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

இப்பிள்ளையின் பெயரும் தமியான். மொலக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, தாமும் தொழுநோயுற்று 1889-இல் மரித்து, 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அருள்தந்தை தமியானின் பெயர். மூன்றாண்டுகளுக்கு முன் பிள்ளைக்காக உயிர்கொடுத்த குருவுக்கு இருந்த பெயர். அதே பெயர் இப்போது அழிக்கப்படவேண்டிய பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. முடிவில் தந்தை, ஐந்து வயது மகனைப் பலிபீடத்தில் கிடத்திக் கத்தியை ஓங்குகிறார். ஆபிரகாமின் ஓங்கிய கையை வானதூதர் தடுத்தார். இங்கோ காவலரின் துப்பாக்கி தடுக்கிறது. அதைக் காணும் அரங்கமோ ‘ஐயோ, தவறிவிட்டதே’ என்று ஏங்குகிறது. ஒரு பிள்ளை கொல்லப்படாமல் தப்பியதற்காக நம்மை வருந்தவைப்பதில் படம் வெற்றி பெறுகிறது. நாம் உண்மையில் அஞ்சவேண்டிய இடம் இதுவே. பொய்யின்மேல் குடும்பத்தைக் கட்டியவர் தந்தை. பழி வந்து விழுந்ததோ மழலையின்மேல்.

திரைக்கு வெளியே

கதை கதையாகவே நின்றுவிடின் நாம் இவ்வளவு பேச வேண்டியதில்லை. ‘தி ஓமன்’ அமெரிக்காவில் திரையிடப்பட்ட அதே வாரத்தில், 1976 ஜூலை 1 அன்று, ஜெர்மனியின் கிளிங்கன்பெர்க் ஊரில் அன்னலீஸ் மிக்கேல் என்னும் 23 வயது மாணவி தம் பெற்றோர் இல்லத்தில் இறந்தார். வலிப்பு நோய் உடையவர் என்று மருத்துவரால் கண்டறியப்பட்டவர் அவர். ஆயரின் இசைவோடு இரு குருக்கள் பத்து மாதங்களில் 67 முறை அவருக்குப் பேயோட்டும் சடங்கு செய்தனர். இறக்கும்போது அவர் எடை ஏறத்தாழ 30 கிலோ. ஊட்டச்சத்தின்மையே இறப்பின் காரணம். 1978-இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்கள் அப்பெண்ணை வெறுத்தவர்கள் அல்லர், நேசித்தவர்கள். இந்த நிகழ்ச்சியை நம்மவர் தவறென்று ஏற்று நினைவிற் கொள்வதே நேர்மை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஆயரின் தனிப்பட்ட இசைவின்றி எவரும் இச்சடங்கைச் செய்யக் கூடாதென்று 1172ஆம் எண்ணில் விதிக்கிறது. நோயை நோயென்று பிரித்தறிய வேண்டும் என்பதை 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும் 1999-இல் வெளியான புதிய சடங்கு நூலும் வலியுறுத்துகின்றன.

இலண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி இறந்தாள். ஐவரி கோஸ்ட் நாட்டிலிருந்து உறவினரால் அழைத்து வரப்பட்டவள். உடலில் 128 காயங்கள். அவளுக்குப் பேய் பிடித்துள்ளது என்று எண்ணிய போதகரும் உண்டு. அவள் காயங்களைக் கண்டும் காணாதிருந்த அலுவலரும் உண்டு. அவள் இறப்பைப் பற்றிய பொது விசாரணையின் பயனாகப் பிரித்தானியாவில் 2004-இல் சிறார் சட்டம் திருத்தியமைக்கப்பட்டது. காங்கோ மக்களாட்சிக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில், பெற்றோரை இழந்தும் வறுமையுற்றும் உறவினரை அண்டிய பிள்ளைகள் பலர் ‘சூனியக்காரர்’ எனப் பழிக்கப்பட்டுத் தெருவுக்குத் துரத்தப்பட்டனர். 2006-ஆம் ஆண்டு அரசமைப்பின் 41ஆம் பிரிவு, பிள்ளைகள்மேல் சூனியக் குற்றம் சாட்டுவதையே தடைசெய்கிறது. நாயின் தோப்பு 13ஆம் நூற்றாண்டோடு எரிந்துவிடவில்லை.

2009-இல் ‘ஆர்ஃபன்’ (அநாதை) என்னும் படம் வந்தபோது, தத்தெடுத்த சிறுமியே குடும்பத்தைக் கெடுப்பவள் என்னும் கதையைக் கண்டு, தத்தெடுப்போர்க்குத் துணைநிற்கும் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. முன்னோட்டத்தில் இருந்த ஒரு வசனத்தைத் தயாரிப்பாளர் நீக்கினர். அவ்வெதிர்ப்பை மிகை என்று நாம் கருதவில்லை. ஓர் இல்லத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் வாயிற்கதவு, இத்தகைய ஒரு படத்தால் சற்றே சாத்தப்படக்கூடும்.

நம் இல்லங்களை மட்டும் விலக்கிப் பேசுவது முறையன்று. பிள்ளை பிறந்த நேரம் சரியில்லை என்பதும், ‘இது வந்த பிறகுதான் வீடு விளங்காமல் போயிற்று’ என்பதும், சினம் மிகும்போது ‘சனியனே, பிசாசே’ என்று வாய்தவறி வருவதும் நாம் அறியாதவை அல்ல. சொன்னவர் மறுநாள் மறந்துவிடுவர். கேட்ட பிள்ளை மறப்பதில்லை.

செவிமடுத்த ஒருவர்

இவ்வரலாறு இருளிலேயே முடியவில்லை. 1999 ஆகஸ்டில் வெளியான ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ (ஆறாம் அறிவு) என்னும் படத்தை எழுதி இயக்கியவர், அன்றைய பாண்டிச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் 1970-இல் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன். தந்தை மலையாளி, தாய் தமிழர், சிறுவயதில் பயின்றது பென்சில்வேனியாவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி. படத்தின் சிறுவன் கோல், நாம் இதுவரை கண்ட பிள்ளைகளின் அடையாளங்களைக் கொண்டவன்: தனிமை, புரியாத பேச்சு, உடலில் காயங்கள், பிறர் அறியாததை அறியும் விந்தை. ஆசிரியரும் உடன் பயில்வோரும் அவனை ஒதுக்குகின்றனர். அச்சம் மிகும்போது அவன் ஓடி ஒளியும் இடம் ஆலயம்.

பழைய படமாக இருந்திருப்பின் இவன் அழிக்கப்படவேண்டியவன். இங்கே ஒரு மனநல ஆய்வாளர் அவனருகில் அமர்கிறார். பேசச் சொல்லி நெருக்காமல் காத்திருக்கிறார். அவன் தன் கமுக்கத்தைச் சொல்கிறான்: இறந்தோர் அவன் கண்ணுக்குப் புலப்படுகின்றனர். அவர்களுக்கும் ஏதோ சொல்லவேண்டியிருக்கிறது, கேட்டுப்பார் என்று அவர் அறிவுரை தருகிறார். அவ்வாறு அவன் கேட்டபோது வெளிப்படுவது ஒரு கொடுமை: ஒரு சிறுமிக்கு அவள் தாயே சிறிது சிறிதாக நஞ்சு கொடுத்திருக்கிறாள். இத்தனை ஆண்டுகளாகப் பெரியோர் பிள்ளையைச் சுட்டிய விரல், இங்கே பிள்ளையின் வாய்மொழியால் பெரியோரை நோக்கித் திரும்புகிறது. ஏனைய பிள்ளைகளைக் காக்க அவ்வுண்மை தேவைப்படுகிறது. இறுதியில் சாலையில் நின்றுபோன வண்டிக்குள் கோல் தன் தாயிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். அவள் அவனைக் கட்டியணைக்கிறாள். இப்படம் உலகெங்கும் 67 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பிள்ளையைக் கொல்லாமலும் ஓர் அச்சக் கதையை முடிக்கலாம் என்பதை அரங்குகள் ஏற்றுக்கொண்டன.

நற்செய்தியிலும் ஒரு சிறுவன் வருகிறான். தரையில் விழுகிறான், நுரை தள்ளுகிறான், நெருப்பிலும் நீரிலும் விழுகிறான். சீடர்களால் இயலவில்லை, மறைநூல் அறிஞர் வாதிட்டு நிற்கின்றனர், கூட்டம் கூடிவிட்டது. மாற்கு எழுதியுள்ளபடி, ஆண்டவர் அச்சிறுவனின் தந்தையை நோக்கி, எவ்வளவு காலமாக இவனுக்கு இப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நல்ல மருத்துவர் கேட்கும் கேள்வி அது. இது யார் செய்த பாவம் என்று அவர் கேட்கவில்லை. பார்வையற்றுப் பிறந்தவரைப் பற்றி அக்கேள்வியைச் சீடர் கேட்டபோதும் அவர் அதை ஏற்கவில்லை. தந்தை தம் நம்பிக்கையின் குறையை ஒளிக்காமல் கதறுகிறார். கூட்டத்தார் ‘இறந்துவிட்டான்’ என்று சொல்லும் வேளையில், ஆண்டவர் சிறுவனின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறார்.

இதே நிகழ்ச்சியை எழுதும் லூக்கா இன்னும் ஒன்று சேர்க்கிறார். நலமான சிறுவனை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. தந்தையிடமே திரும்பக் கொடுத்தார். மாற்றிவைக்கப்பட்ட பிள்ளை அன்று, குயிலிட்ட முட்டை அன்று, தீய விதை அன்று, உன் பிள்ளை. அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அத்தந்தையுடையது, இன்று நம்முடையது.